ரெட்டியார்சத்திரம் வரை ஒரு தம்ளர் தண்ணீர்

தகரக் கூரை தடதடவென்று அதிர்ந்தது. மேஜைமேல் வரிசையாக வைத்திருந்த ஸ்பானர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகர்ந்தன. இரண்டு கீழேயே விழுந்துவிட்டன. சுவரில் மாட்டியிருந்த சூசையப்பர் காலண்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“எவன்டா அவன், ஷெட்டப் பேத்து என் தலையில போடுறது?”

ஒரு பழைய வேனுக்கு அடியிலிருந்து ஸ்தனிஸ்லாஸ் தவழ்ந்து வெளியே வந்தார். திண்டுக்கல்லில் திருச்சி ரோட்டில் ஒர்க் ஷாப் வைத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. எத்தனையோ லாரிகள் வாசலில் வந்து நின்றிருக்கின்றன. கூரையை ஆட்டிய முதல் லாரி இதுதான்.

எஞ்சின் நின்றது. டிரைவர் பெருமாள்சாமி இறங்கினார். நாற்பத்தைந்து வயது, காக்கிச் சட்டை, கழுத்தில் ஈரத் துண்டு. யுத்த காலத்தில் இவரும் ஸ்தனிஸ்லாஸும் ஒரே ராணுவ லாரிப் பட்டாளத்தில் இருந்தவர்கள். இவர் ஓட்டுவார், அவர் பழுது பார்ப்பார். ஊர் திரும்பிய பிறகும் அதே ஏற்பாடுதான் தொடர்ந்தது. 

“பாத்தியா தனிசு? நீயே கேட்டேல்ல? நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாக.”

நம்பாதவர் மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். மூன்று லாரிக்குச் சொந்தக்காரர் பொன்னழகு. வெங்காயமும் கத்தரிக்காயும் ஏற்றி மதராஸுக்கு அனுப்புகிறவர். இறங்கியதும் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார்.

“மெக்கானிக்கு, ஒரு சங்கதி கேட்டுக்க. எனக்குப் புது லாரி ஒண்ணு வருது. மதுரையில பாடி கட்டிக்கிட்டு இருக்கான். அது வருதுன்னு தெரிஞ்ச நாள்லேருந்துதான் இந்தப் பழசு ஆட ஆரம்பிச்சிருக்கு. அதுக்கு முன்னாடி ஆடல. இதுல என்னமோ இருக்கா இல்லையா?”

“மொதலாளி, நான் புது லாரிய…”

“நீ செத்த சும்மா இருப்பா. போன வாரம் மதராஸுக்கு ஒம்பது மணி நேரம் லேட்டு. கத்தரிக்காய் பூராவும் கூழாப் போச்சு. கேட்டா வண்டி ஆடுது, வேகமா ஓட்ட முடியலைங்கிறான். லாரின்னா ஆடத்தான் செய்யும். தொட்டிலா என்ன, ஆட்டாம வச்சிருக்க?”

ஸ்தனிஸ்லாஸ் சிரிக்கவில்லை. கூரை அதிர்ந்ததை அவரே கேட்டிருந்தார்.

“ஆடுதுங்க. நெசமாவே ஆடுது. இது சாதாரண ஆட்டம் இல்ல.”

“அப்பக் கண்டுபிடி. சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வாரேன். கோளாறு இருந்து, நீ அதைச் சரி பண்ணியிருந்தா இவன் ஓட்டட்டும். புது லாரியும் இவனுக்கே. கோளாறு இல்லைன்னா அந்த எளவட்ட டிரைவர் கண்ணுசாமி வந்து வண்டிய எடுத்துக்கிருவான். இவன் வேற வேலை பாத்துக்கிறட்டும்.”

சொல்லிவிட்டு அவர் ரோட்டில் போன ஒரு ஜட்காவைக் கைதட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார்.

பதினொரு வருஷம் அவரிடம் வண்டி ஓட்டியவர் பெருமாள்சாமி. ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. இப்போது அவருடைய பிழைப்பு, ஒரு எஞ்சினுக்குள் ஏதாவது கெட்டுப்போயிருக்கிறதா என்பதைப் பொறுத்து நின்றது.

அன்று செவ்வாய்க்கிழமை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, பங்குனி வெயில்.

“எங்கே ஆடுதுன்னு சொல்லு” என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

“ஸ்டீரிங்குல கை வச்சா முழங்கை வரைக்கும் ஏறுது. அப்புறம் தோள்பட்டை. அப்புறம் தாடை. வத்தலக்குண்டு தாண்டுறதுக்குள்ள பல்லெல்லாம் கூசுது தனிசு.”

“நின்ன வண்டியிலயும் ஆடுதா?”

“நின்னாலும் ஆடுது, ஓடினாலும் ஆடுது.”

நின்ற இடத்திலேயே ஆடுகிறது என்றால் சக்கரம் இல்லை. பின்னால் போகும் நீளத் தண்டும் இல்லை. எஞ்சினேதான். ஸ்தனிஸ்லாஸுக்குப் பாதி நிம்மதி வந்தது. தேட வேண்டிய இடம் சுருங்கிவிட்டது.

ஆனால் அந்தச் சின்ன இடம் அவரை மூன்று நாள் சுற்றவிட்டது.

முதலில் சிலிண்டர்கள். ஆறில் ஒன்று செத்தாலும் எஞ்சின் நொண்டும். டீசல் போகும் குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். நல்ல சிலிண்டர் என்றால், குழாயைத் தளர்த்தியதும் எஞ்சின் திணறும். செத்த சிலிண்டர் என்றால் எந்த மாற்றமும் இருக்காது. ஒன்று, திணறியது. இரண்டு, திணறியது. ஆறும் திணறின. ஆறும் உயிரோடு இருந்தன.

நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து அரை மணி நேரம் கேட்டார்.

“என்ன சொல்லுது?” என்றார் பெருமாள்சாமி.

“உன்னையத்தான் திட்டுது. கேக்கிறியா?”

“எம் பொண்டாட்டி திட்டுறது போதாதாக்கும்?”

புதன்கிழமை காலை விசிறியின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டினார். ஆட்டம் குறையவில்லை. ஆகவே விசிறி இல்லை. கிளச்சை மிதிக்கச் சொன்னார். குறையவில்லை. கியர் பெட்டியை இறக்கி, உள்ளே இருக்கும் பெரிய சக்கரத்தின் போல்ட்டுகளைப் பார்த்தார். எட்டும் கல்மாதிரி இறுகியிருந்தன. ஆகவே அதுவும் இல்லை.

இப்படி ஒவ்வொன்றாக “இல்லை” என்று ஆக ஆக, ஸ்தனிஸ்லாஸ் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பெருமாள்சாமியோ ஷெட்டைவிட்டு நகரவில்லை. கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார், கேட்காததையும் கொடுத்தார். வாசலில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஏன்டா, கண்ணுசாமி வாரான்னு பாக்கிறியா?”

“அவன் நல்ல பயதான் தனிசு. அவன்மேல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அவனுக்கு வயசு இருபத்தெட்டு. எங்க போனாலும் வேலை கொடுப்பாக. நாப்பத்தஞ்சு வயசுல, ‘வண்டி ஆடுதுன்னு பொய் சொன்னவன்’னு பேரெடுத்துட்டு நான் எங்க போயி நிக்க?”

வியாழக்கிழமை காலையில் கோளாறு அகப்பட்டது. தேடி அகப்படவில்லை, தானாக வந்து நின்றது.

கியர் பெட்டியை மறுபடி மாட்டுவதற்காக எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கியிருந்தார்கள். வேலை முடிந்து ஜாக்கியை இறக்கியபோது, எஞ்சினின் வலது பக்கம் கட்டைவிரல் அகலத்துக்குப் புதைந்து உட்கார்ந்தது. இடது பக்கம் பாறைமேல் வைத்ததுபோல அப்படியே நின்றது.

ஸ்தனிஸ்லாஸ் கையில் விளக்கை எடுத்துக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

லாரியின் சட்டத்தின்மேல் எஞ்சின் நேராக உட்காராது. நடுவில் ரப்பர் கட்டைகள் இருக்கும். எஞ்சினின் அதிர்வை வாங்கிக்கொள்வது அவைதான். ஏழு மாசத்துக்கு முன் அந்த ரப்பர் பிய்ந்துபோனது. வெளிநாட்டுச் சாமான், கப்பலில் வர வேண்டும், மூன்று மாசம் ஆகும் என்று மதுரையில் கையை விரித்துவிட்டார்கள். லாரியை மூன்று மாசம் நிறுத்திவைக்க முடியுமா? பேகம்பூர் தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டையில் பதமான நல்ல எருமைத் தோலாக வாங்கி, ஆறு மடிப்பாக வெட்டி, விளக்கெண்ணெயில் ஊறப்போட்டு, தைத்து மாட்டினார் ஸ்தனிஸ்லாஸ்.

“சீமை ரப்பர் நம்ம ஊர்த் தோலுக்கு உறைபோடக் காணாது” என்று அன்று பொன்னழகிடம் மார்தட்டியதும் அவர்தான். திண்டுக்கல்லில் எது பிய்ந்தாலும் தோலை வெட்டி வைப்பது வழக்கம். பம்பு வாஷரிலிருந்து பஸ் ஸீட்டு வரைக்கும் தோல்தான். அன்று யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை.

இப்போது அந்தத் தோல், புகைக்குழாய் ஓடும் இடது பக்கத்தில், சூட்டில் வெந்து மரக்கட்டையாகியிருந்தது. வலது பக்கத்தில் ஒழுகிய எண்ணெயைக் குடித்துக் குடித்துப் பழைய களியாகியிருந்தது. ஒரு கால் கல்லிலும் ஒரு கால் சேற்றிலும் நின்றால் எந்த எஞ்சின்தான் ஆடாது?

எஞ்சினையே அக்கக்காகக் கழற்றியவர் இதை மட்டும் தொட்டுப் பார்க்கவில்லை. தன் கையால் செய்ததாயிற்றே!

“மாப்ள” என்றார். “கோளாறு எஞ்சின்ல இல்லடா. என்கிட்டத்தான்.”

பெருமாள்சாமி குனிந்து பார்த்தார். கோபம் வரவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து நின்றார்.

“இருக்குல்ல? கோளாறு இருக்குல்ல? அப்ப நான் பொய் சொல்லலேல்ல?”

“இல்லடா.”

“இதை மொதலாளிகிட்ட நீயே சொல்லணும் தனிசு. நான் சொன்னா நம்ப மாட்டாக.”

ஸ்தனிஸ்லாஸ் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் மதுரை பஸ்ஸில் ஏறினார். பழைய சாமான் விற்கும் கடைகளில் அலைந்து, உடைத்துப்போட்ட ஒரு லாரியிலிருந்து எடுத்த ரப்பர் கட்டைகளைத் தேடிப் பிடித்தார். இன்னும் இளக்கம் போகாத ரப்பர். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் மாட்டி முடித்தார். எஞ்சினை ஓட்டினார். மேஜைமேல் இருந்த ஸ்பானர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

பொன்னழகுக்கு ஆள் போயிற்று. நாலு மணிக்கு வந்தார். ஸ்தனிஸ்லாஸ் ஒளிக்காமல் சொன்னார். கருகிய தோலையும் காட்டினார்.

“தப்பு என்மேலதாங்க. பெருமாள்சாமி சொன்னது நூத்துக்கு நூறு நெசம்.”

பொன்னழகு தோலை விரலால் சுண்டிப் பார்த்தார். டக் டக் என்றது. டிரைவர் பக்கம் திரும்பினார்.

“சரிப்பா. உன்னையத் தப்பா நெனைச்சுட்டேன். மனசுல வச்சுக்காத.”

பதினொரு வருஷத்தில் முதலாளி அவரிடம் இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. பெருமாள்சாமி என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரு நடை ஓட்டிப் பாத்துருவம். ரெட்டியார்சத்திரம் வரைக்கும்” என்றார் ஸ்தனிஸ்லாஸ். தெம்பாக இருந்தார். எதிர்க் கடையிலிருந்து ஒரு பித்தளைத் தம்ளர் வாங்கி, கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, டிரைவருக்கு முன்னாலிருந்த பலகையில் வைத்தார். “இதுல ஒரு சொட்டு சிந்தினா எம் மீசைய எடுத்துர்றேன்.”

“வேண்டாம்ப்பா. அதை எடுத்துட்டா மூஞ்சியில ஒண்ணுமே இருக்காது” என்றார் பொன்னழகு. அவரும் தெம்பாகத்தான் இருந்தார்.

மூன்று பேரும் ஏறினார்கள். லாரி பழனி ரோட்டில் திரும்பியது. இரண்டு பக்கமும் வெங்காயக் காடு. மாடு பூட்டிக் கமலை இறைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முப்பது மைல் வேகம். தம்ளரில் தண்ணீர் மெல்லச் சுருங்கி விரிந்ததே தவிர, விளிம்பைத் தாண்டவில்லை.

“பிரமாதம்!” என்றார் பொன்னழகு. “படகு மாதிரிப் போகுதேப்பா!”

பெருமாள்சாமி இரண்டு கையாலும் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. நெற்றியில் வேர்வை துளித் துளியாக நின்றது.

ரெட்டியார்சத்திரத்துக்கு ஒரு மைல் இருக்கும்போது வண்டி இருபதுக்கு இறங்கியது. அப்புறம் பத்து. ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை.

“என்னப்பா?”

“ஆடுது மொதலாளி.”

“எது ஆடுது?”

“வண்டி.”

பொன்னழகு தம்ளரைப் பார்த்தார். அப்புறம் டிரைவரைப் பார்த்தார்.

“எங்கய்யா ஆடுது? தண்ணி நிக்குது பாரு!”

“தண்ணி நிக்குதுங்க. ஆனா வண்டி ஆடுது. முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு. தனிசு, நீ கைய வச்சுப் பாரு.”

ஸ்தனிஸ்லாஸ் கை வைத்தார். ஸ்டீரிங்கில் வைத்தார், கியர்த் தடியில் வைத்தார், கதவில் வைத்தார், குனிந்து தரைப் பலகையில் வைத்தார். ஒன்றுமில்லை. டீசல் எஞ்சினின் வழக்கமான முனகல், அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷத்தில் இத்தனை நிதானமாக ஓடிய எஞ்சினை அவர் தொட்டதில்லை.

நிமிர்ந்தார். இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்து வெள்ளிக்கிழமை, ஒருசந்தி நாள். காலையிலிருந்து கஞ்சியைத் தவிர ஒன்றும் சாப்பிடாதவர், வாயைத் திறந்து ஒரு பொய் சொன்னார்.

“லேசா… லேசா இருக்குங்க. உள்ளுக்குள்ள இருக்கு.”

பொன்னழகு கையை நீட்டித் தம்ளரை எடுத்தார். தண்ணீரை ஜன்னல் வழியே ரோட்டில் ஊற்றினார்.

“ரெண்டு பேரும் சிநேகிதக்காரங்க. எனக்குத் தெரியும். நாளைக்குப் பன்னிரண்டு மணின்னு சொன்னேன், அதுல மாத்தமில்ல. ஆடுதுன்னா எனக்கும் ஆடணும். என் கைக்குத் தெரியணும். தெரியலேன்னா கண்ணுசாமி சாயங்காலமே லோடு ஏத்துறான்.”

திரும்பும்போது வண்டியை ஸ்தனிஸ்லாஸ்தான் ஓட்டினார்.

முதலாளியை அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு ஷெட்டுக்கு வந்ததும் ஸ்தனிஸ்லாஸ் வெடித்தார்.

“ஏலே, ‘ஆடல, நல்லா இருக்கு’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்லடா! புது லாரி வந்திருக்கும்லடா! வாய்ல என்ன கொழுக்கட்டையா?”

“ஆடுறத ஆடலைன்னு எப்படிச் சொல்ல?” பெருமாள்சாமி சத்தம் போடவில்லை. “நூறு மூட்டை வெங்காயத்தோட போறேன். எதுக்கால ஒரு பஸ்ஸு வருது. ஸ்டீரிங்கு கையில நிக்க மாட்டேங்குது. இழுத்துட்டுப் போயிருச்சுன்னா? பஸ்ஸுக்குள்ள இருக்கிறவுகளுக்கு நானா பதில் சொல்ல? இம்புட்டு நாள் ஓட்டிட்டேன் தனிசு, எனக்குத் தெரியாதா? இன்னும் என்னமோ இருக்கு. தோலு ஒண்ணு. அது போக இன்னொண்ணு இருக்கு. நீதான் கண்டுபிடிக்கணும்.”

அந்த நம்பிக்கைதான் ஸ்தனிஸ்லாஸை என்னவோ செய்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அந்தத் தோல் கோளாறைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று முதல்முறையாகத் தோன்றியது. வண்டி நிஜமாக ஆடிக்கொண்டிருந்தவரை பெருமாள்சாமி உண்மை பேசுகிறவனாக இருந்தான். வண்டியைச் சரிசெய்து அவனைப் பொய்யனாக்கியாயிற்று.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே ஸ்தனிஸ்லாஸ் ஷெட்டைத் திறந்தார். லாரியை ஒருமுறை சுற்றிவந்தார். ஒரு கோளாறு வேண்டும். சின்னதாக இருந்தாலும் போதும். நல்ல எஞ்சினுக்குள் ஏதாவது கெட்டிருக்கக் கூடாதா என்று ஒரு மெக்கானிக் ஏங்கி நின்றது அநேகமாக அன்றைக்குத்தான். குழாய்களைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார், போல்ட்டுகளை வரிசையாகத் தட்டிப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. எல்லாம் அவர் கையாலேயே ஒழுங்காக முடுக்கியவை.

கடைசியில் வண்டிக்கடியில் படுத்தார். புதிதாக மாட்டிய ரப்பர்க் கட்டைகளில் இடது பக்கத்துப் போல்ட்டில் ஸ்பானரைக் கொடுத்து, மூன்று சுற்றுத் தளர்த்தினார்.

கணக்கு இதுதான். பன்னிரண்டு மணிக்குப் பொன்னழகு வருவார். கை வைத்துப் பார்ப்பார்; ஆடும். “சாமான் மதராஸிலிருந்து வர வேண்டும், பத்து நாள் கொடுங்கள்” என்று சொல்லலாம். பத்து நாளில் பெருமாள்சாமி தெளிந்துவிடலாம். சாயங்காலம் கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இரண்டு பொய்யையும் சேர்த்தே சொல்லிவிடலாம்.

எட்டரை மணிக்குப் பெருமாள்சாமி வந்தார். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன.

“ஏறி உக்காரு. ஒண்ணு செஞ்சிருக்கேன். எப்படி இருக்குன்னு சொல்லு.”

தளர்த்தியதைச் சொல்லவில்லை. தம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தார். எஞ்சினைக் கிளப்பியதும் லாரி குலுங்கியது. ஆக்ஸிலேட்டரைப் பாதி மிதிக்கச் சொன்னார். ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. தம்ளர் பலகைமேல் வட்டமடித்தது. பாதித் தண்ணீர் பெருமாள்சாமியின் மடியிலேயே கொட்டியது.

பெருமாள்சாமி கண்ணை மூடிக்கொண்டு, ஸ்டீரிங்கில் கைவைத்து, கவனமாகப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று.

“நேத்து மாதிரியேதான் இருக்கு தனிசு.”

“நேத்து மாதிரியா?” ஸ்தனிஸ்லாஸ் படிக்கட்டில் ஏறி நின்றார். “நல்லாப் பாருடா. நேத்தைக்குவிட ஜாஸ்தி இல்ல?”

“கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. அதே ஆட்டம்.”

ஸ்தனிஸ்லாஸ் அவருடைய நனைந்த மடியைப் பார்த்தார். தம்ளரைப் பார்த்தார்.

“எறங்காத. அப்படியே இரு.”

எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, மறுபடி வண்டிக்கடியில் போனார். போல்ட்டை மூன்று சுற்றும் முடுக்கினார். இன்னொரு கால் சுற்றும் சேர்த்தே முடுக்கினார். மேலே வந்தார். தம்ளரை நிரப்பினார். எஞ்சின் மறுபடி ஓடியது. ஜன்னல் கண்ணாடி வாயை மூடிக்கொண்டது. தண்ணீர் நின்றது.

“இப்ப?”

மறுபடி கண்ணை மூடினார். மறுபடி ஒரு நிமிஷம்.

“அதேதான்” என்றார் பெருமாள்சாமி. “நீ தொட்ட எடம் இல்ல தனிசு. வேற எடத்துல பாரு.”

ஸ்தனிஸ்லாஸ் இறங்கி, தகர மேஜைமேல் உட்கார்ந்தார்.

தொழில் கற்ற முதல் வாரத்தில் தெரிந்துகொண்ட விஷயம் அது. ஒன்றைக் கழற்றினாலும் மாட்டினாலும் ஆட்டம் மாறவில்லையா? அப்படியானால் கோளாறு அதில் இல்லை. பெல்ட்டைக் கழற்றினார், மாறவில்லை, விசிறியை விட்டுவிட்டார். கிளச்சை மிதிக்கச் சொன்னார், மாறவில்லை, கிளச்சை விட்டுவிட்டார். இன்றைக்கு லாரி முழுவதையும் ஆட்டிவிட்டுப் பார்த்தார். ஆடாமல் நிறுத்திவிட்டும் பார்த்தார். மாறவில்லை.

ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நண்பரை நிமிர்ந்து பார்த்தார். இவரைத் தவிர கழற்றிப் பார்க்காத சாமான் அந்த லாரியில் ஒன்றும் பாக்கியில்லை.

“என்ன அப்படிப் பாக்கிற?”

“ஒண்ணுமில்ல. எறங்கி மொகத்தக் கழுவு. மூஞ்சி பூராவும் வேர்வை.”

பெருமாள்சாமி இறங்கிப் பின்பக்கத்துக் கிணற்றடிக்குப் போனார்.

என்ன செய்யலாம்? டாக்டரிடம் அழைத்துப் போகலாமா? போய் என்ன சொல்வது? “இவருக்கு லாரி ஆடுகிறது” என்றா? பன்னிரண்டு மணிக்கு வரப்போகிற பொன்னழகிடம் என்ன சொல்வது? கோளாறு இல்லை என்றால் ஒரு வாழ்க்கை போயிற்று. இருக்கிறது என்று சொல்லி ஸ்டீரிங்கை மறுபடி அந்தக் கையிலேயே கொடுத்தால்? எதிரே வரும் பஸ் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு பொய்யோடு நிற்கலாம் என்று பார்த்தார். இனிமேல் உண்மைக்கும் இடமில்லை, பொய்க்கும் இடமில்லை.

மணி பதினொன்றைத் தாண்டியபோது வாசலில் நிழல் தட்டியது. பொன்னழகு இல்லை. பெருமாள்சாமியின் மனைவி முத்துப்பேச்சி, கையில் தூக்குவாளியோடு நின்றாள். வீடு சின்னாளப்பட்டியில். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வேலை அவளுக்கு. சனிக்கிழமை வேலையை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தாள்.

“வா தங்கச்சி.”

“காலையில பச்சத் தண்ணி குடிக்காம வந்துட்டாரு. கொஞ்சம் சோறும் வெஞ்சனமும் கொண்டாந்தேன்.” கண் லாரியின்மேல் இருந்தது. “சரியாப் போச்சாண்ணே?”

ஸ்தனிஸ்லாஸ் கையைத் துடைத்துக்கொண்டார்.

“லாரிய விடும்மா. அவன் வீட்டுல எப்படி இருக்கான்? நல்லாத் தூங்குறானா?”

பெருமாள்சாமி மறுபடி முகம் கழுவப் போயிருந்த கிணற்றடியில் வாளி விழும் சத்தம் கேட்டது. கணவர் அங்கேதான் இருக்கிறார் என்று நிச்சயப்படுத்திக்கொள்வதுபோல அந்தப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். தூக்குவாளியை மேஜைமேல் வைத்தாள். பிறகு ஸ்தனிஸ்லாஸின் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

“தையிலேருந்து கட்டிலும் ஆடுதுங்கிறாருண்ணே, பாய விரிச்சாத் தரையும் ஆடுதுங்கிறாரு, நீங்க லாரியச் சரி பண்ணிட்டீகன்னா அதெல்லாம் தன்னால நின்னுரும்னு எனக்குத் தைரியம் சொல்லிக்கிட்டு இருக்காரு.”